ஊத்துக்குளி வழியாக ரோமாபுரி

மாமா பையன் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். போன வருஷம் பையரைப் பார்க்க ஸ்பெயின் போனான். அந்த நாட்டின் மேற்குக் கோடியில், அட்லாண்டிக் கடலோரம் இருக்கிற கலீசியாப் பகுதி. மூன்று நாள் மீட்டிங், சாம்பிள், விலைப் பேச்சு எல்லாம் முடிந்த பிறகு இரண்டு நாள் கையில் மிச்சம் இருந்தது. ஓட்டல்காரர் சொல்லி ஒரு கைடு டூரில் சேர்ந்து, ரோமானியர் விட்டுப்போன இடங்களைச் சுற்றிவிட்டு வந்தான். வந்தவன் பெருமாநல்லூர் நால்ரோட்டில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்து போனில் ஒவ்வொரு போட்டோவாகத் தள்ளிக் காட்டினான்.

ஆ கொருன்யா ஊரின் கலங்கரை விளக்கம். ரோமானியர் கட்டி ஏறக்குறைய 1,900 வருஷம் ஆகிறது. வெளிச்சுவர் 18ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தது; உள்ளே இருப்பது பழைய கட்டடம். இன்றைக்கும் விளக்கு எரிகிறது. அடுத்து லூகோ நகரத்து மதில். 3ஆம் நூற்றாண்டில் எழுப்பியது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஊரைச் சுற்றி முழுசாக நிற்கிறது. மேலே ஏறி நடக்கலாம். அதற்கடுத்து பக்கத்து லியோன் பகுதியில் இருக்கும் லாஸ் மெதூலாஸ். செக்கச் சிவந்த மண் கூம்புகள். தங்கத்துக்காக ரோமானியர் ஒரு மலையையே உடைத்த இடம்.

நான் பார்த்து முடித்ததும் அவன் கேட்டான்: "நம்மூர்ப் பக்கமும் ரோம்காரன் வந்தான்னு பள்ளிக்கூடத்துல படிச்சமே மாப்ள. அத எங்க போயிப் பாக்கறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. திருப்பூரிலிருந்து கோபி போகிற ரோட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். சேலம், கோவை, கொச்சி போகிற லாரியெல்லாம் என் ஊர் நால்ரோட்டைத் தாண்டித்தான் போகும். சரக்கு எப்படி வெளிநாடு போகிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவேன். ஆனால் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இதே பக்கத்திலிருந்து சரக்கு போன கதையில் எனக்குத் தெரிந்தது ஒரு வரிதான்: யவனர் வந்தார்கள், பொன் கொடுத்தார்கள், மிளகு வாங்கிப் போனார்கள்.

அப்போதுதான் ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார் ஒருவர் மாதம் ஒரு ஞாயிறு ஆட்களைச் சேர்த்து வேனில் கூட்டிப்போகிறார் என்று கேள்விப்பட்டோம். தலைக்கு முந்நூறு ரூபாய், மதியச் சோறு சேர்த்து. ஒரு ஞாயிறு நாங்கள் இருவரும் ஏறிக்கொண்டோம். மொத்தம் பதினோரு பேர். காலேஜ் பசங்கள் நாலு பேர், ஒரு பவர்டேபிள் ஓனர், செக்கிங் செக்சனில் வேலை பார்க்கும் ஒரு அக்காவும் அவருடைய மகளும், இன்னும் சிலர்.

வேன் கிளம்பியதும் மாமா பையன் முன்னால் குனிந்து வாத்தியாரிடம் கேட்டான்: "ஏனுங்க, ரோம்காரன் கட்டுன எதாச்சும் இருக்குதுங்களா?"

"ஒரு செங்கல்லுகூட இல்லீங்க," என்றார் வாத்தியார். "கட்டறதுக்கு அவுங்க இங்க வல்லீங்களே. வாங்கறதுக்குத்தான வந்தாங்க."

*

ஊத்துக்குளி தாண்டியதும் முதல் நிறுத்தம் கத்தாங்கண்ணி. குளக்கரையில் வேனை நிறுத்தச் சொன்னார். வேலிமுள், குளத்தில் கொஞ்சம் தண்ணீர், நாலைந்து கொக்கு. இந்த ஊரில் 1913இல் ஒரு புதையல் கிடைத்தது. 233 ரோம வெள்ளிக்காசுகள். எல்லாம் அகஸ்டஸ், திபேரியஸ் என்ற இரண்டு பேரரசர்கள் வெளியிட்டவை.

வாத்தியார் ஒரு காசின் படத்தைப் பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். ஒரு பக்கம் அகஸ்டஸின் தலை. மறுபக்கம் இரண்டு இளைஞர்கள், நடுவில் கேடயமும் ஈட்டியும். அவர்கள் காயஸ், லூசியஸ். அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள். தனக்குப் பிறகு ஆள அவர் தத்து எடுத்துக்கொண்ட பிள்ளைகள். கி.மு. 2ஆம் ஆண்டிலிருந்து இந்தக் காசு இன்றைய பிரான்ஸின் லியோன் நகரத்தில், அன்றைய லுக்துனத்தில், லட்சக்கணக்கில் அடிக்கப்பட்டது. லூசியஸ் கி.பி. 2இல் செத்தான், காயஸ் கி.பி. 4இல் செத்தான். தாத்தா அவர்களுக்குப் பிறகும் பத்து வருஷம் இருந்தார். பட்டத்துக்கு வந்தது திபேரியஸ். ஆனால் காசு நின்றதா? தென்னிந்தியப் புதையல்களில் அதிகம் கிடைக்கும் இரண்டு வகைக் காசுகளில் ஒன்று செத்துப்போன இந்தப் பிள்ளைகளின் காசு, இன்னொன்று திபேரியஸின் காசு. அதில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள்.

233 காசு என்றால் எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அது பெரிய பணமா சின்னப் பணமா என்று பவர்டேபிள் ஓனர் கேட்டார். அவர் கேட்கத்தான் செய்வார். அகஸ்டஸ் காலத்தில் ஒரு சாதாரணப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தினாரியஸ். இந்தக் குளத்துப் பக்கம் யாரோ புதைத்து வைத்தது, ஐரோப்பாவின் எல்லையில் நின்ற ஒரு சிப்பாயின் ஒரு வருஷ உழைப்பு.

இந்த வட்டாரத்தில் இது ஒன்று மட்டுமில்லை. கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் 1842இல் ஐந்நூறுக்கும் மேல் கிடைத்தன. 1891இலும் 1931இலும் அதே ஊரில் மறுபடி கிடைத்தன. கரூரில் 1878இல் ஒரு பெரிய குவியல். உடுமலைப் பக்கம் பூதிநத்தத்தில் ஏறத்தாழ 1,400. பொள்ளாச்சியில் ஒன்று. மேப்பில் இந்த ஊர்களைப் புள்ளி வைத்துப் பார்த்தால் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து நொய்யல் ஓரமாக கரூர் வரைக்கும் ஒரு பாதை தெரியும். மேற்குக் கடற்கரையில் முசிறித் துறைமுகம், கிழக்கில் சேரரின் கருவூர், அதற்கும் கிழக்கே காவிரிப்பூம்பட்டினம். நடுவில் கொங்கு. மலை உயரம் குறைந்து வழி விடுகிற ஒரே இடம் பாலக்காடு. இன்றைக்குக் கொச்சிக்குப் போகிற நம் கண்டெய்னர் லாரியும் அந்த இடைவெளியில்தான் நுழைகிறது.

அக்காவின் மகள் கேட்டாள்: "இவ்ளோ காச ஏனுங்க புதைச்சாங்க? செலவு பண்ணிருக்கலாமல்ல?"

நல்ல கேள்வி. புதைத்தவர் திரும்பி வந்து எடுக்கவில்லை என்பதால்தான் அது நமக்குக் கிடைத்தது. எடுத்தவர்களின் பணம் எதுவும் நம் கைக்கு வரவில்லை. அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒவ்வொரு குவியலுக்குப் பின்னாலும் திரும்பி வராத ஒரு ஆள் இருக்கிறார்.

*

அந்த வெள்ளி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மாமா பையன் போய்வந்த நாட்டுக்கே திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. அன்றைய ரோமுக்கு வெள்ளியின் பெரிய ஊற்று ஸ்பெயின். தெற்கே ரியோ தின்தோ சுரங்கங்கள், தென்கிழக்கில் கார்த்தஹேனாவைச் சுற்றிய சுரங்கங்கள். கார்த்தஹேனாவில் மட்டும் 40,000 பேர் வேலை செய்தார்கள், ரோமுக்கு நாளொன்றுக்கு 25,000 திராக்மா வருமானம் வந்தது என்று கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பொலிபியஸ் எழுதிய கணக்கு இருக்கிறது. சுரங்கத்துக்குள் அடிமைகள் இரவு பகலாக உழைத்ததையும், அடி வாங்கியதையும், உயிரோடு இருப்பதைவிடச் சாவதே மேல் என்று அவர்கள் நினைத்ததையும் தியோதோரஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் பதிவு செய்திருக்கிறார்.

மேற்கு ஐபீரியாவில், இன்றைய போர்ச்சுகலின் அல்ஜுஸ்த்ரெல் ஊரில், 19ஆம் நூற்றாண்டில் ஒன்றும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்றுமாக இரண்டு வெண்கலப் பலகைகள் கிடைத்தன. ரோமர் காலத்தில் அந்தச் சுரங்க ஊருக்குப் பெயர் விபாஸ்கா. பலகையில் இருப்பது ஊர் நடத்துவதற்கான சட்டதிட்டம். குளியல் கூடத்தில் காலையிலிருந்து நண்பகல் தாண்டும்வரை பெண்கள், அதன் பிறகு ஆண்கள். பெண்களுக்குக் கட்டணம் ஒரு அஸ், ஆண்களுக்கு அரை அஸ். முடி வெட்ட, செருப்புத் தைக்க, காசுக்குத் துணி வெளுக்க, எல்லாவற்றுக்கும் ஏலம் எடுத்தவருக்கு மட்டுமே உரிமை. தாது திருடிய அடிமைக்குச் சவுக்கடி கொடுத்து, இனி எந்தச் சுரங்கப் பக்கமும் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு விற்க வேண்டும். வாத்தியார் இதைச் சொல்லிக்கொண்டு வரும்போது செக்கிங் அக்கா சிரித்தார். "எங்க கம்பெனி நோட்டீஸ் போர்டாட்டவே இருக்குதுங்க. பாத்ரூமுக்குக் காசு கேக்கறது ஒண்ணுதான் பாக்கி."

ஐபீரியாவின் தங்கமும் வெள்ளியும், கொங்கு நாட்டின் கல்லும் ஒரே மனிதரின் எழுத்தில் சந்திக்கின்றன. மூத்த பிளினி. கி.பி. 73ஐ ஒட்டி ஸ்பெயினில் பேரரசின் நிதி அதிகாரியாக இருந்தவர். மலையைக் குடைந்து, தாங்கும் தூண்களை வெட்டிச் சாய்த்து, மேலே தேக்கிய தண்ணீரைத் திறந்துவிட்டுத் தங்க மண்ணை அடித்து வருகிற வேலையை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். லாஸ் மெதூலாஸில் இன்றைக்கு டூரிஸ்ட்டுகள் போட்டோ எடுப்பது அந்த வேலையின் மிச்சம். அஸ்தூரியா, கலேசியா, லுசித்தானியா ஆகிய மேற்குப் பகுதிகள் ஆண்டுக்கு 20,000 பவுண்டு தங்கம் தந்தன என்பதும் அவர் தரும் கணக்கு.

அதே பிளினிதான் இந்தியாவைப் பற்றிப் புலம்பியவரும். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தர்ஸ் இந்தியாவுக்குப் போகிறது, அங்கிருந்து வரும் சரக்கு நம் ஊரில் வாங்கிய விலையைவிட நூறு மடங்குக்கு விற்கிறது என்று அங்கலாய்க்கிறார். நாலு செஸ்தர்ஸ் ஒரு தினாரியஸ். கணக்குப் போட்டால் ஒன்றேகால் கோடி வெள்ளிக்காசு. அவர் சொல்வது துல்லியமான புள்ளிவிவரமா, ஆடம்பரத்தின் மேலுள்ள கோபமா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எனக்கு அந்த நூறு மடங்குதான் மனதில் நின்றது. மாமா பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நம்ம டீ சர்ட்டு அங்க கடைல தொங்கறதப் பாத்தேன் மாப்ள. வெலைச்சீட்டையும் பாத்தேன்," என்று மட்டும் சொன்னான். மடங்கு சொல்லவில்லை.

*

கொடுமணல் நொய்யலின் வடகரையில் இருக்கிற சின்ன ஊர். சென்னிமலை ஒரு பக்கம், காங்கேயம் ஒரு பக்கம். வேனை விட்டு இறங்கியதும் காலேஜ் பசங்கள் போனைத் தூக்கிக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார்கள். எடுக்க எதுவும் இல்லை. காடு. நாட்டுப்புறத்தில் எங்கள் பக்கம் வயலைக் காடு என்போம். சோளத்தட்டு, வெள்ளாடு. அகழாய்வுக் குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடிவிடுவார்கள். கிடைத்தவை அருங்காட்சியகத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் போய்விடும். கொஞ்சம் தள்ளி ஈமக்காட்டில் கல்வட்டங்கள் இருக்கின்றன. லூகோ மதிலில் நடந்துவிட்டு வந்தவன் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

வாத்தியார் அதை எதிர்பார்த்தவர் போல ஒரு வேப்பமரத்தடியில் எல்லோரையும் உட்கார வைத்தார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சார்பில் எ. சுப்பராயலு 1985இல் இங்கே தோண்டத் தொடங்கினார். அவரோடு சேர்ந்து உழைத்த கா. ராஜன் பின்னால் 2012, 2013இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் சார்பில் மறுபடி தோண்டினார். தமிழ்நாடு தொல்லியல் துறையும் பல முறை இங்கே ஆய்வு செய்திருக்கிறது. மக்கள் குடியிருந்த மேடு ஏறக்குறைய 50 ஏக்கர். ஈமக்காடு அதைப்போல இரண்டு மடங்கு.

என்ன கிடைத்தது? இரும்பு உருக்கிய உலைகள், எஃகு செய்த மண்குகைகள், கசடு. பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு, செவ்வந்திக்கல், சூதுபவளம், சங்கு. அதிலும் முழு மணியைவிட முழுசாகாத மணிதான் முக்கியம். உடைக்காத கல், செதுக்கிய கல், பாதி தேய்த்த மணி, ஓட்டை போடும்போது விண்டுபோன மணி, சிதறிய சில்லு. செய்முறையின் ஒவ்வொரு படியும் மண்ணுக்குள் இருந்ததால்தான் இது மணி அணிந்தவர்களின் ஊர் மட்டுமல்ல, மணி செய்தவர்களின் ஊர் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

"ரிஜெக்ட் பீஸ் வெச்சுக் கம்பெனியக் கண்டுபுடிக்கற மாதிரிங்க," என்றார் பவர்டேபிள் ஓனர்.

அதேதான். நல்ல சரக்கு ஷிப்மென்ட்டில் போய்விடும். ஊரில் மிஞ்சுவது கட்டிங் வேஸ்ட்டும் ரிஜெக்ட்டும். தொல்லியல் என்பது பெரும்பாலும் இந்த மிச்சத்தை எண்ணுகிற வேலை.

சூதுபவளத்தின் மூலக்கல் குஜராத் பக்கத்துச் சரக்கு. இங்கே கிடைத்த லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லின் பிறப்பிடம் ஆப்கானிஸ்தான். ஒரு கல்லறையில் மட்டும் 2,220 சூதுபவள மணிகள் இருந்தன. பிறகு தக்களி வில்லைகள். நூல் நூற்றவர்களும் இங்கே இருந்தார்கள். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்ற ஊரையும் அங்கே செய்த அணிகலன்களையும் குறிப்பிடுகிறார்கள். அந்தக் கொடுமணம் இந்தக் கொடுமணல் என்பது ஆய்வாளர்கள் பலரும் ஏற்றுக்கொண்ட முடிவு.

இதுவரைக்கும் கேட்டபோது என் மனதில் இருந்த படம் மாறவில்லை. ரோமுக்காக வேலை செய்த ஊர். பையர் அங்கே, ப்ரொடக்சன் இங்கே. திருப்பூருக்கு முன்னோடி. மேடையில் பேச வசதியான ஒப்புமை. வாத்தியார் அதை ஒரு கேள்வியில் உடைத்தார்.

"அகஸ்டஸ் எகிப்தப் புடிச்சது எப்பங்க?"

கி.மு. 30 என்று ஒரு பையன் போனைப் பார்த்துச் சொன்னான். அதன் பிறகுதான் செங்கடல் வழியாக ரோமப் பணம் இந்தியப் பக்கம் பெரிய அளவில் வரத் தொடங்கியது. கத்தாங்கண்ணிக் காசும் அதற்குப் பிந்தியதுதான். ஆனால் கொடுமணலின் வெவ்வேறு ஆழங்களில் எடுத்த கரித்துண்டுகளைக் காலக்கணிப்பு செய்தபோது வந்த விடை கி.மு. 5ஆம் நூற்றாண்டிலிருந்து கி.மு. 2ஆம் நூற்றாண்டு வரை. ரோம் ஒரு பேரரசாக ஆவதற்கு முன்பே, அதன் காசு இந்தப் பக்கம் வருவதற்குச் சில நூறு வருஷம் முன்பே, இங்கே உலை எரிந்திருக்கிறது, கல் தேய்த்திருக்கிறார்கள், குஜராத்திலிருந்து கல் வந்திருக்கிறது. ரோம் இந்தத் தொழிலை உண்டாக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த தொழிலுக்கு வந்து சேர்ந்த ஒரு பெரிய பையர், அவ்வளவுதான்.

இது சின்னத் திருத்தம் போலத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெருமை பேசும்போது நாம் எப்போதும் வாங்கியவனின் பெயரைத்தான் முன்னால் வைக்கிறோம். ரோமாபுரிக்கே போனது என்கிறோம். இன்றைக்கும் அப்படித்தான், எந்த கம்பெனியில் வேலை என்று கேட்டால் எந்த பிராண்டுக்குத் தைக்கிறோம் என்று சொல்கிறோம். நம் கைவேலைக்கு மதிப்பு வருவது அதை இன்னொருவன் வாங்கியதால்தான் என்கிற நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. கொடுமணல் மண் வேறு சொல்கிறது. அங்கே முதலில் இருந்தது கை.

*

பெயர்களும் கிடைத்திருக்கின்றன. அதுதான் இந்த ஊரின் பெரிய அதிசயம். பானை ஓடுகளில் தமிழ்-பிராமி எழுத்தில் கீறிய பெயர்கள். முதல் கட்ட அகழாய்வுகளிலேயே நூற்றைம்பதுக்கும் மேல். பிறகு கிடைத்தவற்றையும் சேர்த்தால் ஐந்நூறைத் தாண்டும். கண்ணன் ஆதன், பண்ணன், சம்பன் சுமணன். சில தமிழ்ப் பெயர்கள், சில வடக்கிலிருந்து வந்த பிராகிருதச் சாயல் உள்ளவை. ஒரு ஓட்டில் நிகம என்ற சொல். வணிகக் குழுவைக் குறிக்கும் சொல் அது. இவை அரசன் வெட்டிய கல்வெட்டுகள் அல்ல. சோறு தண்ணி வைத்த பாத்திரத்தில் அவரவர் பெயரைக் கீறிக்கொண்டது.

மாமா பையன் அப்போது ஒன்றை நினைவுபடுத்தினான். அவன் பார்த்த கலங்கரை விளக்கத்தின் அடியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. காயஸ் செவியஸ் லூபஸ் என்ற கட்டடக்கலைஞர், லுசித்தானியாவைச் சேர்ந்த ஏமினியம் ஊர்க்காரர், மார்ஸ் தெய்வத்துக்குச் செலுத்திய காணிக்கை. இன்றைய போர்ச்சுகலின் கொயிம்ப்ராதான் அந்த ஏமினியம். கல் சுமந்தவர்கள் பெயர் இல்லை. திட்டம் போட்டவர் பெயராவது இருக்கிறது. இங்கே கட்டடம் இல்லை, பெயர் மட்டும் நூற்றுக்கணக்கில்.

செக்கிங் அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "இந்தப் பேரெல்லாம் பாசி ஓட்டை போட்டவங்க பேருங்களா, மொதலாளி பேருங்களா?"

"பான வெச்சிருந்தவங்க பேருங்க அம்மிணி. அதுக்கு மேல பானை சொல்லாதுங்க."

அக்கா தலையை ஆட்டினார். பிறகு சொன்னார்: "நாங்க செக்கிங் முடிச்சு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவமுங்க. என்னுது பதினேழு. பேக்கிங்ல கிழிச்செறிஞ்சுருவாங்க."

யாரும் பேசவில்லை. கழுத்துப் பட்டையில் இருக்கும் லேபிளில் பிராண்டின் பெயர் உண்டு, நாட்டின் பெயர் உண்டு, துவைக்கும் முறைகூட உண்டு. சிங்கர் டைலர், ஓவர்லாக், பேட்லாக், கைமடி, செக்கிங் என்று அந்தத் துணி மாறிய பத்துப் பதினைந்து கைகளில் ஒன்றுக்கும் அதில் இடமில்லை. இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்திய கண்ணன் ஆதனின் பெயர் நமக்குத் தெரிகிறது. போன வாரம் ஸ்பெயினுக்குப் போன சட்டையைத் தைத்தவரின் பெயர் தெரியாது.

*

கொடுமணலிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரத்துப்பாளையம் அணை. இது டூரில் சொன்ன இடமில்லை. வாத்தியார் கேட்டார், போலாமுங்களா என்று. போனோம்.

நொய்யலில் பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த அணை. சில வருஷங்களிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கும் தொட்டியாக மாறியது. அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று பாசன விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. கிணறுகள் உப்பாயின, தென்னை கருகியது. வழக்குகள் வருஷக்கணக்கில் நடந்தன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை முழுசாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அந்த மாதங்களை நான் மறக்கவில்லை. எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு வேலை இல்லை. அதே நேரத்தில் அணைக்குக் கீழே இருந்த சொந்தக்காரர் வீட்டில் இனியாவது கிணறு தெளியுமா என்று பேசிக்கொண்டார்கள். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு பேச்சும் நடந்தது, இரண்டும் நியாயம்.

அணை மேல் நின்றபோது எனக்கு லாஸ் மெதூலாஸ் படம் ஞாபகம் வந்தது. ரோம் கேட்டது தங்கம். கொடுத்தது ஒரு மலை. இன்றைக்கு அந்த இடம் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம், 1997இலிருந்து. சிவந்த கூம்புகளுக்கு நடுவே பச்சை மரங்கள், பார்க்க அழகு. இரண்டாயிரம் வருஷம் கழிந்தால் நாசமும் அழகாகிவிடும் போல. கொடுமணல் உலைகள் விட்டுப்போன கசடு ஒரு கூடைக்கு ஒரு கதை சொல்கிறது. நாம் விட்டுப்போகும் கசடு இந்த அணையின் அடியில் வண்டலாகப் படிந்திருக்கிறது. வருங்காலத்தில் யாராவது இங்கே குழி தோண்டினால் அந்த அடுக்கைப் பார்த்துக் கேட்பார்கள்: இத்தனை நிறம் யாருக்காக?

*

திரும்பும் வழியில் கடைசி நிறுத்தம், காங்கேயம் ரோட்டில் படியூர். பிளினி புகழ்ந்த பெரில் என்ற பச்சைக்கல் கிடைத்த ஊர். கடலின் தெளிந்த பச்சை நிறத்தில் இருப்பதே உயர்ந்தது, அறுபட்டையாகச் செதுக்கினால்தான் ஒளி வீசும், இந்தியர்கள் நீண்ட பெரில்களை விரும்புகிறார்கள் என்றெல்லாம் எழுதியவர், பளிங்குக்குச் சாயம் ஏற்றி டூப்ளிகேட் கல் செய்வதிலும் இந்தியர்கள் கைதேர்ந்தவர்கள் என்று குற்றம் சாட்டவும் மறக்கவில்லை. பையருக்கும் நமக்கும் இடையிலான பேச்சு அன்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

படியூரில் 1819-20இல் ஒரு ஆங்கிலேயர் ஒரு கிணற்றுப் பக்கம் தோண்டி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களை எடுத்தார். பிறகு தண்ணீர் ஏறிச் சுரங்கம் நின்றுபோனது. இன்றைக்கும் அந்தப் பக்கம் மழை பெய்து ஓய்ந்தால் காட்டில் குனிந்து பார்த்து நடப்பவர்கள் உண்டு. நாங்களும் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தோம். அக்காவின் மகளுக்கு ஒரு பளிங்குத் துண்டு கிடைத்தது. விலை இல்லாத கல்தான். வாத்தியாரிடம் காட்டினாள். அவர் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு அவள் கையிலேயே கொடுத்தார்.

பெருமாநல்லூர் வந்து சேர ராத்திரி ஏழரை. ஞாயிறு ஆனாலும் இரண்டொரு யூனிட்டில் லைட் எரிந்தது. ஷிப்மென்ட் நெருங்கினால் அப்படித்தான். ஒரு கேட்டுக்கு வெளியே கட்டிங் வேஸ்ட் மூட்டைகள் அடுக்கியிருந்தன.

மாமா பையன் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே சொன்னான்: "அடுத்த மாசம் மறுபடி ஸ்பெயினு மாப்ள. பையரு கேட்டா, எங்கூர்லயும் ஒரு டூர் இருக்குதுன்னு சொல்லலாமுன்னு இருக்கேன்."

"என்ன காட்டுவ?"

"கொடுமணல்ல அந்த வேப்பமரத்தடியில உக்கார வெச்சு, பேரு சொல்லுவேன். கண்ணன் ஆதன். பண்ணன். சம்பன் சுமணன்." கொஞ்சம் நிறுத்தி, "அப்பறம் பதினேழுன்னு ஒரு நம்பரு," என்றான்.